பெட்டி படுத்துக்கிட்டா பேயோட்டாதலே

லினக்ஸ் பெட்டி படுக்கவே படுக்காதுன்னு ஒனக்கு எவன்லே சொன்னான்? பென்குயின் ஸ்டிக்கர் வித்தவனா?

உலகத்துலயே பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் 500-ஐ வரிசை கட்டுதாங்கள்லா, அந்த 500-லயும் 2017 நவம்பர்ல இருந்து லினக்ஸ்தான் ஓடுதுன்னு மேசையத் தட்டிச் சொல்லுத. நான் இல்லேன்னு சொல்லலியே. ஆனா அங்கன ஏசி உண்டு. தப்பத் தானே திருத்திக்கிடுத மெமரி உண்டு. ஆடாத அசையாத கரண்ட் உண்டு. ஒன் ரூம்ல என்னலே உண்டு? ஒத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதுல கம்ப்யூட்டர், மானிட்டர், ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி, போன் சார்ஜர் எல்லாம் ஒண்ணா. போதாக்குறைக்கு கம்ப்யூட்டர் வயித்துக்குள்ள செவப்பும் பச்சையுமா லைட்டு எரியுது. உள்ள யாரு ஒக்காந்து படிக்கா?

நான் ரயில்வேல டிரெயின் லைட்டிங் பாத்தவன். பேட்டரியும் வயரும் நோண்டியே காலம் போச்சு. பாளையங்கோட்டைக்காரனக் கொண்டாந்து இந்த ஹவுரா சாந்த்ராகாச்சி யார்டுல போட்டாங்க. ரிட்டயர் ஆன பெறவும் இங்கனயே ஒட்டிக்கிட்டேன். 'தாத்தாவுக்கு லினக்ஸ் எப்படித் தெரியும்'னு முழிக்காத. 2011-ல தமிழ்நாட்டு அரசு பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு மடிக்கணினி குடுக்க ஆரம்பிச்சுதுல்லா? சி-டாக்காரங்க டெபியனை வச்சுப் பண்ணுன பாஸ் லினக்ஸ் அதுல கூடவே வந்துச்சு. எம் பேத்திக்குக் கெடைச்ச பெட்டி. அவ புதுசு வாங்குனதும் பழசு என் மடிக்கு வந்துட்டு. ஓசியில வந்தத நோண்டுனா யாரு கேக்கப் போறா?

சரி, ஒன் கதைக்கு வருவோம். பெட்டி நின்னு போச்சுன்னா நீ என்ன பண்ணுத? உபுண்டுவ அழிச்சுட்டு ஃபெடோரா போடுத. ஃபெடோரா நின்னா ஆர்ச்சு. ஆர்ச்சும் நின்னா, 'இந்த கெர்னலே சரியில்ல'ன்னு உதட்டப் பிதுக்குத. அடுத்த சனிக்கெழம மிண்ட்டு. ஏலே கோட்டிக்காரப்பயலே, இத்தன தரம் அழிச்சு அழிச்சுப் போட்டியே, எதனால நின்னுச்சுன்னு ஒரு தரமாச்சும் தெரிஞ்சுக்கிட்டியா? தடயத்தப் பூரா ஒன் கையாலயே தொடச்சு எறிஞ்சிட்டு, திருடன் ஆம்புடலன்னு அழுதா எப்படி?

அன்னைக்கு இன்னொண்ணு சொன்ன பாரு, அதுதான் உச்சம். 'தாத்தா, விண்வெளிக் கதிர் வந்து மெமரியில ஒரு பிட்டப் பொரட்டிருக்கும்'னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. 2003-ல பெல்ஜியத்துல ஸ்கார்பேக்ங்கிற ஊர்ல தேர்தல் எண்ணும்போது ஒரு ஆளுக்கு 4,096 ஓட்டு கூடுதலா விழுந்துச்சு. ரெண்டோட 12-ஆம் அடுக்கு. ஒத்த பிட்டு பொரண்டா சரியா அம்புட்டுதான் கூடும். கதிர்தான் காரணமா இருக்கும்னு அன்னைக்குச் சந்தேகப்பட்டாங்க. இருக்கட்டும். ஆனா தெனமும் சாயங்காலம் நீ ரைஸ் குக்கர் போடுத நேரம் பாத்தா அந்தக் கதிர் வானத்துல இருந்து எறங்கி வருது? அதுக்கும் பசிக்குமோ?

முதல்ல ஒழுங்காக் கேள்வி கேக்கப் படி. எப்ப நின்னுச்சு? அப்ப என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சு? மொத்தமா அணைஞ்சுச்சா, அப்படியே ஒறைஞ்சு நின்னுச்சா, இல்ல ஒரு ஜன்னல் மட்டும் மூடிக்கிட்டா? கேட்டா, 'ஹேங் ஆவுது தாத்தா'ங்க. அவ்வளவுதான் ஒனக்குத் தெரியும்.

நம்ம சாந்த்ராகாச்சி டேஷன்ல நின்னு பாரு. சென்னைப் பக்கம் போற வண்டியில ஏறுத பெங்காலிக்காரங்க எத்தனையோ பேரு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, காட்பாடியில எறங்குதவங்க. அவங்க கையில என்ன இருக்கு? ஒரு தடி ஃபைலு. அஞ்சு வருஷத்து ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, தின்ன மாத்திரைச் சீட்டு, எல்லாம் தேதிவாரியா. பக்கத்து வீட்டு பௌதி, அதான் நம்ம அண்ணி, ஒரு சீட்டக் காணோம்னு வீட்டையே தலகீழாக்குதா. நோயாளிக்கு அம்புட்டு அக்கற. நீ மட்டும் ஃபைலே இல்லாமப் போயி வைத்தியம் கேக்க. அதுவும் ஒவ்வொரு தரமும் நோயாளிய மாத்திக்கிட்டு.

ஃபைலு ஒன் பெட்டிக்குள்ளயே இருக்குலே. லாக்குன்னு ஒண்ணு எழுதிக்கிட்டே இருக்கு. பெட்டி செத்துப் பொழைச்சு எழுந்ததும், டெர்மினலத் தொறந்து ஜர்னல்சிடிஎல்னு அடிச்சு, பக்கத்துல மைனஸ் பி, மைனஸ் 1-னு போடு. போன தடவை ஓடுனப்ப எழுதுனது வரும். கடைசிப் பக்கத்துக்குப் போ. சில பெட்டியில அது மெமரியிலயே கெடந்து அணைச்சதும் அழிஞ்சிரும். அப்படின்னா ஜர்னல்டி அமைப்புக் கோப்புல 'ஸ்டோரேஜ்'ங்கிற எடத்துல 'பெர்சிஸ்டென்ட்'னு எழுதிவை.

அங்கன என்ன இருக்குன்னு பாரு. 'அவுட் ஆஃப் மெமரி'ன்னு எழுதி, கில்டுன்னு ஒரு பேரு இருக்கா? அப்ப அது க்ராஷே இல்ல. எடம் பத்தாம கெர்னலே ஒரு புரோகிராமக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிருக்கு. 8 ஜிபி வச்சுக்கிட்டு பிரவுசர்ல எண்ண முடியாத அளவுக்கு டேபு தொறந்தா அது வேற என்ன செய்யும்? 2022-ல வந்த உபுண்டு 22.04-ல சிஸ்டம்டி-ஊம்டின்னு ஒரு காவக்காரன வச்சாங்க. மெமரி முட்டுதுக்கு முந்தியே ஆளத் தூக்கிருவான். சொல்லாமக் கொள்ளாம ஃபயர்ஃபாக்ஸத் தூக்குனான்னு ஊரே கத்துச்சு. கத்துனவன்ல பாதி அத க்ராஷுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்திருப்பான்.

'செக்ஃபால்ட்'னு இருந்தா, ஒரு புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத மெமரியத் தொட்டுச்சுன்னு அர்த்தம். 'மெஷின் செக்'னு இருந்தா பிராசசரே வாயத் தொறந்து கூப்பாடு போடுதுன்னு அர்த்தம். ஒண்ணுமே இல்லாம, பேசிக்கிட்டு இருக்கும்போதே வாய் மூடுன கணக்கா லாக் பட்டுன்னு அறுந்து கெடந்தா? எழுதக்கூட அவகாசம் குடுக்காம எவனோ அணைச்சிருக்கான். கரண்ட் மேலயும் சூட்டு மேலயும் ஒரு கண்ணு வை.

ஒறைஞ்சு நிக்குதா? ஒடனே பவர் பட்டனைப் புடிச்சு அமுக்காத. அந்தக் கை ஒனக்கு ரொம்ப நீளம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூணையும் சேத்து அமுக்கு. கறுப்புத் திரையில லாகின் கேட்டா கெர்னல் உசுரோட இருக்கு. மேல இருக்க டெஸ்க்டாப்தான் படுத்துக்கிட்டு. அதுவும் வரலியா? ஆல்ட்டோட பிரிண்ட் ஸ்கிரீனைப் புடிச்சுக்கிட்டு எஸ், யூ, பி-ன்னு ஒண்ணொண்ணாப் பையத் தட்டு. வட்டுல எழுத வேண்டியத எழுதி, வட்ட எழுதாதபடி பூட்டி, அப்புறம் மறுபடி கெளப்பும். உபுண்டுல இந்த மூணும் சும்மாவே வேல செய்யும். கோப்பு நாசமாவாது. இதுக்கும் மசியலன்னா சீக்கு ஆழத்துல இருக்கு.

இப்ப முக்கியமான சங்கதி. காத நல்லாத் தீட்டிக்க. எப்பவும் ஒரே புரோகிராம், ஒரே சோலியச் செய்யும்போது விழுதா? அந்தப் புரோகிராம்ல கோளாறு, இல்ல அது நம்பி இருக்க டிரைவர்ல கோளாறு. இன்னைக்கு பிரவுசர், நாளைக்கு வீடியோ பிளேயர், நாளான்னைக்கு ஃபைல் ஜன்னல், அப்புறம் கம்பைலர்னு கண்டதும் விழுதா? அப்ப அத்தன பேரு எழுதுன அத்தன புரோகிராமும் ஒரே வாரத்துல கெட்டுப்போச்சா? ஒம் புத்திக்கு ஒப்புதா அது? எல்லாத்துக்கும் அடியில பொதுவா இருக்குதது எது? மெமரி. கரண்ட். சூடு. அங்கன தேடுலே.

இந்த நியாயம் ஒனக்கு மட்டுமில்ல. லினக்ஸ 1991-ல ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இது நடந்துச்சு. 2022 அக்டோபர். கெர்னல் 6.1-க்கு ஊரு ஒலகத்துல இருந்து வந்த மாத்தத்த எல்லாம் சேத்துக்கிட்டு இருந்த நேரம். அவரு பெட்டி தாறுமாறா விழுந்துச்சு. கெர்னல் எழுதுதவருக்குக் கெர்னல் மேல சந்தேகம் வரத்தானே செய்யும்? அவரு என்ன பண்ணுனாரு? ஆர்ச்சா போட்டாரு? பழைய கெர்னலப் போட்டுக் கெளப்பிப் பாத்தாரு. அப்பவும் விழுந்துச்சு. அப்ப புதுக் கெர்னல் குத்தவாளி இல்ல. ராத்திரி பூரா மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸ ஓட விட்டாரு. ரெண்டரை வருஷம் சொன்ன பேச்சுக் கேட்ட மெமரிக் குச்சியில ஒண்ணு கெட்டுப் போயிருந்துச்சு. புதுசு வாரவரைக்கும் மடிக்கணினியில வேலைய ஓட்டுனாரு.

இதுல ஒரு வேடிக்க உண்டு. சாதாரணப் பெட்டிக்கு ஈசிசி மெமரி, அதான் தப்பத் தானே கண்டுபிடிச்சுத் திருத்துத மெமரி, கெடைக்காமப் போனதுக்கு இன்டெல்லுதான் காரணம்னு 2021 ஜனவரியில கிழி கிழின்னு கிழிச்சவரும் அவருதான். 64 பிட்டுக்கு 8 பிட்டு கூடுதலாக் காவலுக்கு வைக்கும் அது. அம்புட்டுப் பேசுனவரு பெட்டியிலயே அந்த மெமரி இல்ல. ஊருக்குச் சொல்லுத பல்லி கழனிப் பானையில விழுந்த கதையா இருக்குல்லா? ஆனா விழுந்ததும் எந்திரிச்ச விதத்தப் பாரு. ரெண்டே சோதன. ஒவ்வொண்ணும் ஒரு பக்கத்துச் சந்தேகத்த அடைச்சுச்சு.

நீயும் மெம்டெஸ்ட ஒரு பென் டிரைவ்ல போட்டு, படுக்கப் போவும்போது ஓட விடு. அஞ்சு நிமிசம் பாத்துட்டு 'எல்லாம் ஓகே'ன்னு நிறுத்துதது ஒன் வழக்கம், அது ஆவாது. விடிய விடிய ஓடணும். காலையில செவப்பா ஒத்த வரி இருந்தாலும் குச்சி செத்துச்சு. ரெண்டு குச்சி போட்டிருந்தா ஒண்ணொண்ணா மாத்திப் பாரு, எது சீக்காளின்னு தெரியும். அப்புறம் கல்கத்தா சாந்தினி சௌக்குல போயி புதுசு வாங்கு. முதல்லயே போவாத. அங்கன கடக்காரன் ஒன் மூஞ்சியப் பாத்தா மதர்போர்டுல இருந்து ஆரம்பிப்பான்.

பழி எப்படி எடம் மாறிப் போவுதுன்னு இன்னொண்ணு கேளு. இன்டெல்லோட 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைக்கணினி சிப்பு வாங்குனவங்க வெளயாட்டுல ஒக்காந்தா, 'வீடியோ மெமரி பத்தல'ன்னு சொல்லிப் பெட்டி விழுந்துச்சு. எல்லாரும் வீடியோ கார்டத் திட்டுனாங்க. வெளயாட்டு எழுதுனவனத் திட்டுனாங்க. 2024-ல பாத்தா, சிப்பு தன் தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கி, உள்ளுக்குள்ளயே தேஞ்சு போயிருக்கு. ஆகஸ்ட்ல இன்டெல் திருத்தம் விட்டுச்சு, வாரண்டிய 2 வருஷம் நீட்டுச்சு. ஆனா தேஞ்சது தேஞ்சதுதான். திருத்தம் போட்டா வளராது. 2025 ஜூலையில ஐரோப்பாவுல வெயில் கொளுத்துனப்ப, இந்தச் சிப்பு இருக்க பெட்டியில இருந்து ஃபயர்ஃபாக்ஸ் க்ராஷுத் தகவல் வந்து குமியுதுன்னு மொசில்லாக்காரர் ஒருத்தரே சொன்னாரு. பிரவுசர் என்ன பாவம்லே பண்ணுச்சு?

ஐரோப்பா வெயிலுக்கே அப்படின்னா, நம்ம ஹவுரா வைகாசிக்கு? ஒன் ரூமு ஜீல் பக்கத்துல. ஏரி ஈரம் ஒரு பக்கம், கோனா எக்ஸ்பிரஸ்வே லாரிப் புழுதி மறுபக்கம். ரெண்டும் சேந்து ஃபேன் எறகுல கம்பளி நெய்ஞ்சு வச்சிருக்கு. மூடியத் தொறந்து என்னைக்காவது பாத்தியா? 'சென்சார்ஸ்'னு ஒரு கட்டள இருக்கு, சூடு எவ்வளவுன்னு சொல்லும். வேல குடுத்துட்டுப் பாரு. ஏறி ஏறிப் போயி விழுந்தா, தூசியத் தட்டி, ஹீட்சிங்க்ல புதுப் பேஸ்ட் தடவு. இதுக்கு எந்த டிஸ்ட்ரோவும் மாத்த வேண்டாம். ஒரு பெயின்ட் பிரஷ் போதும்.

கரண்டப் பத்தி நான் சொல்லாம எவன் சொல்லுவான்? சித்திரை வைகாசியில கால்பைசாகி அடிக்கும். காத்தும் இடியுமா வந்து வெளக்கு மங்கும், தெளியும், அப்புறம் லோட்ஷெடிங். வெளக்கு மங்குதது ஒங்கண்ணுக்குத் தெரியுது, பெட்டிக்குத் தெரியாதா? மட்டமான பவர் சப்ளை அந்த மங்கல அப்படியே உள்ள அனுப்பும். ஒன் பிளக்குல மூணாவது முள்ளு இருக்கா? இருக்குன்னு காட்டுத. செவத்துல அந்த ஓட்டைக்குப் பின்னால எர்த் வயர் இருக்கான்னு எலக்ட்ரீசியனக் கூப்பிட்டுக் கேட்டியா? அலங்காரத்துக்கு ஓட்ட மட்டும் வச்ச வீட்ட நான் ரொம்பப் பாத்திருக்கேன். நல்ல யுபிஎஸ் ஒண்ணு வாங்கு. கம்ப்யூட்டர் வயித்துக்குள்ள வச்ச அந்த லைட்டுக்குச் செலவழிச்ச காசுல பாதிக்கு வந்திருக்கும்.

இதெல்லாம் சுத்தமா இருக்கா? அப்பச் சரி, சாஃப்ட்வேர் மேல சந்தேகப்படு. ஆனா ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். நீ கெர்னலையும் டிரைவரையும் டெஸ்க்டாப் தீமையும் ஒரே மூச்சுல மாத்திட்டு, 'சரியாப் போச்சு'ங்க. எதனால சரியாச்சு? ஒனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. பத்து நாள்ல திரும்ப வரும்.

புதுசா ஒரு யூசர் கணக்கு தொறந்து அதுல பொழங்கு. விழலியா? அப்பக் கோளாறு ஒன் பழைய கணக்கோட அமைப்புல. டெஸ்க்டாப்புல ஒட்டி வச்சிருக்க எக்ஸ்டென்ஷனை ஒண்ணொண்ணா அணை. க்னோம்ல ஒரு துக்கடா எக்ஸ்டென்ஷன் கெட்டாலே போதும், வேலண்டுல மொத்த செஷனும் போயிரும். அப்டேட்டுக்கு அப்புறம்தான் தொடங்குச்சா? கெளப்பும்போது க்ரப் மெனுவுல பழைய கெர்னல் இருக்கும், அதுல போ. பென் டிரைவ்ல லைவ் லினக்ஸ் போட்டு ஓட்டு. அதுலயும் விழுந்தா வட்டுல இருக்க எதுவும் காரணமில்ல. ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுது. பேனாவால. விழுத பெட்டிக்குள்ள எழுதிவைக்காதலே மூதி.

'இம்புட்டுப் பொறுமைக்கு யாருக்குத் தாத்தா நேரம்'னு இழுக்க. 2024 மார்ச்ல ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்னு ஒருத்தர், எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி லேட்டாவுதேன்னு பாத்தாரு. அரை நொடிலே! நீயா இருந்தா ரீஇன்ஸ்டால் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிருப்ப. அவரு விடல. தோண்டிக்கிட்டே போனா, எக்ஸ்இசட்ங்கிற சின்ன சுருக்குத கருவியில எவனோ திட்டம் போட்டுக் கள்ளக்கதவு வச்சிருக்கான். ஒலகத்துல எத்தனையோ சர்வருக்குள்ள போயிருக்க வேண்டிய கதவு. அவரு அழிச்சுப் போட்டிருந்தா அது அப்படியே போயிருக்கும்.

எல்லாம் பாத்து, கோளாறு புரோகிராம்லதான்னு ருசுவாயிட்டுன்னா எழுதித் தெரியப்படுத்து. கோர்டம்ப்சிடிஎல்னு அடிச்சா எந்தெந்த புரோகிராம் எப்ப விழுந்துச்சுன்னு பட்டியல் குடுக்கும்; பேக்ட்ரேஸும் அதுலயே எடுக்கலாம். எந்தப் பதிப்பு, எந்தக் கெர்னல், எந்த கிராஃபிக்ஸ் கார்டு, என்ன செஞ்சா விழுது, வேற என்ன செஞ்சா விழல, இம்புட்டும் போடு. 'அர்ஜென்ட், ப்ளீஸ் ஃபிக்ஸ்'னு ஒத்த வரி எழுதி அனுப்பாத. அத வாசிக்குதவங்கள்ல ரொம்பப் பேரு சம்பளம் வாங்காம, சோறு தின்ன நேரத்துல ஒன் எழவப் பாக்காங்க. அவங்களுக்கு ஒன் அவசரம் கடனில்ல. விவரம் குடுத்தா மருந்து குடுப்பாங்க.

போ, இப்பவே போயி ரைஸ் குக்கர அந்த எக்ஸ்டென்ஷன்ல இருந்து உருவு. ராத்திரிக்கு மெம்டெஸ்ட போடு. காலையில செவப்பு வரி வந்துச்சுன்னா எங்கிட்ட ஓடியாந்து கதை சொல்லாத. குச்சி வாங்கப் போ. வரலன்னாலும் எங்கிட்ட ஓடியாராத, நோட்டுல எழுதிட்டு அடுத்த சோதனைக்குப் போ. இடையில டிஸ்ட்ரோ மாத்துனன்னு கேள்விப்பட்டேன், ஒங்கம்மாவுக்குப் போனப் போட்டு அந்த லைட்டு எம்புட்டு வெலைன்னு சொல்லிருவேன்.